ம்ஹூம் மேஸ்திரியும் மூன்றாவது கூரும்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் ம்ஹூம். நேரில் மேஸ்திரி, அண்ணே என்றெல்லாம் மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ம்ஹூம்தான். அவருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார், அது அவருடைய பெருந்தன்மை.

முப்பது வருஷமாகக் கதவும் சன்னலும் செய்கிறவர். ஆனால் அவருடைய கீர்த்தி கதவால் வந்ததில்லை, உளியால் வந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தச்சன் புது உளி வாங்கினாலும் அதை முதலில் கொண்டுவந்து வைப்பது இவருடைய மேசையில்தான். இவர் அதைப் பார்ப்பார், தட்டுவார், தீட்டுவார், அடிப்பார். கடைசியில் இரண்டே தீர்ப்பு. "ம்" என்றால் வைத்துக்கொள்ளலாம். "ம்ஹூம்" என்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஏன், எதற்கு என்று விளக்கம் கிடையாது. "ம்" வருவது வருஷத்துக்கு நாலைந்து தடவை. பெயர் எப்படி வந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

பழக்கம் உளியோடு நின்றால் பரவாயில்லை. மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். இவர் குழந்தையையும் பார்த்து, அதற்குப் பின்னால் இருந்த கதவு நிலையின் மூலையையும் பார்த்து, "ம்ஹூம்" என்றிருக்கிறார். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடிவிட்டாளாம்.

நான் யார் என்று கேட்கலாம். நான் பாலீஷ்காரன். பட்டறையில் என்னை வார்னிஷ் என்பார்கள். தச்சர்கள் செய்கிற தப்பையெல்லாம் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பளபளப்பு ஏற்றி, "அடடா, என்ன வேலைப்பாடு" என்று வாங்குகிறவரைச் சொல்ல வைப்பது என் பிழைப்பு. புகழ் தச்சனுக்கு, இருமல் எனக்கு. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன், முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் ம்ஹூம் செய்த கதவு ஒன்றுக்குக்கூட நான் மக்கு வைத்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் உளி பார்க்கிற அழகே தனி. காகிதத்தைப் பிரித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உளியின் முதுகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு உடைந்த சன்னலிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கண்ணாடித் துண்டில் கொஞ்சம் மை தடவி, அதன்மேல் உளியின் முதுகை வைத்து இழுப்பார். மை முழுக்க ஒட்டினால் முதுகு சமம். நடுவில் ஒட்டாமல் போனால் பள்ளம். அடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆணியால் ஒரு தட்டு. நல்ல இரும்பு மணியடித்தாற்போல் கொஞ்ச நேரம் பாடும், மட்டமானது 'டக்' என்று நிறுத்திக்கொள்ளும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய்க்கல்லை எடுப்பார்.

எண்ணெய்க்கல்தான் முக்கியம். புது உளியை ஒருபோதும் வந்த கூரோடு மரத்தில் வைக்க மாட்டார். தீட்டுவார். கூர் வந்ததும் அதைக் கட்டையில் தேய்த்து மழுக்கிவிடுவார். மறுபடி தீட்டுவார், மறுபடி மழுக்குவார், மூன்றாவது தடவை தீட்டுவார். புதிதாகப் பார்க்கிறவனுக்கு மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். யாராவது கேட்டால் மட்டும் வாயைத் திறப்பார்.

"முதல் கூர் கம்பெனிக்காரனோடது. வேகமா ஓடற சாணையில புடிச்சிருப்பான், சூட்டுல முனையோட பதம் போயிருக்கும். அத வெச்சு உளிய எடை போடக்கூடாது. மூணாவதா வருது பாரு, அதுதான் உளியோட சொந்தக் கூர்."

மூன்றாவது கூர் வந்த பிறகு இடது கை முடியில் ஓட்டிப் பார்ப்பார். (அவருடைய இடது முன்கையில் முடி வளர்ந்து நான் பார்த்ததில்லை. வலது கை கரடி, இடது கை குழந்தை.) கடைசியாக, வைரம் பாய்ந்த ஒரு கட்டை. அதன் நடுவில் கல் மாதிரி ஒரு கணு. அந்தக் கணுவில் உளியை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் இருபது அடி. கூர் மடங்காமல், விளிம்பு உடைந்து பல் போகாமல் நின்றால் "ம்".

இப்போது மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. மேஸ்திரிக்கு மச்சான் என்பதால் பட்டறைக்கே அவன் மச்சான்தான். நல்லவன். கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். முதலில் குடைக்கடை போட்டான், அந்த வருஷம் மழை பொய்த்தது. சரி என்று ஐஸ் கடை போட்டான், மூன்று மாதம் மழை விடவே இல்லை. மூன்றாவதாக இரண்டு தெரு தள்ளி, தச்சு ஆயுதக்கடை போட்டான். ரம்பம், இழைப்புளி, சுத்தியல், முக்கியமாக உளி. உளிக்காக எங்கோ தூரத்துக் கம்பெனி வரைக்கும் போய், இரண்டு நாள் அங்கேயே தங்கி, தானே பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

எங்கள் பட்டறையில் வருஷத்துக்கு ஒருமுறை பதினாலு பேருக்கும் முதலாளி புது உளி வாங்கித் தருவார். எந்தக் கடையில் வாங்குவது என்பதை மேஸ்திரியின் தொண்டை முடிவு செய்யும். நாங்கள் வாங்கினால் மற்றப் பட்டறைகளும் பின்னாலேயே வரும். ஆகவே மச்சானின் கடை நிற்பதும் விழுவதும் ஒரு "ம்"மில் இருந்தது.

மேஸ்திரிக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. "ம்" என்றால், மச்சான் என்பதற்காகச் சொன்னான் என்பார்கள். "ம்ஹூம்" என்றால் வீட்டுக்குப் போக முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் பார்த்தது அப்போதுதான். ஆனால் அக்கா, அதாவது அவருடைய மனைவி, அவரை நெருக்கவே இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"அவனுக்காக எதையும் வளைக்க வேண்டாம். ஊருக்கெல்லாம் என்ன செய்வீங்களோ அதையே அவனுக்கும் செய்யுங்க. அது போதும்."

மச்சான் வந்த அன்று காலை, டீ வேளை. முதல் பெட்டியிலிருந்து முதல் உளியை எடுத்துப் புதுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். சிவப்புச் சாயம் பூசிய கைப்பிடி. பதினாலு பேரும் டீ டம்ளரோடு மேசையைச் சுற்றி நின்றோம். மேஸ்திரி முதுகைப் பார்த்தார், குறை இல்லை. மை சமமாக ஒட்டியது. நூலில் தொங்கவிட்டுத் தட்டினார். பாடியது பாருங்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே இறக்கினான்.

மேஸ்திரி எண்ணெய்க்கல்லை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு சொட்டு எண்ணெய் விடப் போனார்.

எங்கள் ரம்பக்காரருக்கு ஒரு நாக்கு உண்டு. அவருடைய ரம்பம் மரத்தை அறுக்கும், நாக்கு மனுஷனை அறுக்கும். பின்னால் நின்று, காதில் விழுகிற மாதிரி முணுமுணுத்தார்.

"மச்சான் கடை உளியாச்சே. பாஸ் ஆகுற வரைக்கும் தீட்டுவாரு. இன்னொரு டீ சொல்லுங்கப்பா."

நாலு பேர் சிரித்தார்கள். மேஸ்திரியின் காது சிவந்தது. எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார், கல்லை ஓரமாகத் தள்ளினார். உளியை எடுத்து, காகிதத்திலிருந்து வந்த கூரோடு அப்படியே, நேராகக் கணுவில் வைத்தார். கொட்டாப்புளியை ஓங்கினார்.

எட்டாவது அடியில் ஒரு பல் போனது.

மேஸ்திரி உளியைத் திருப்பிப் பார்த்தார். "ம்ஹூம்" என்றார். அந்த ஒரு தடவை அது வழக்கமான ம்ஹூம் மாதிரி இல்லை.

நான் பார்த்தேன். முப்பது வருஷத்து வழக்கத்தை மனுஷன் நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து தாண்டியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "அண்ணே, தீட்டலையே" என்று சொல்ல மூன்று வார்த்தைகூட வேண்டாம். சொல்லவில்லை. உளி விவகாரத்தில் பாலீஷ்காரனுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே ஒரு மக்கு வைத்து அடைத்துக்கொண்டேன்.

மச்சான் சண்டை போடவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரிங்க மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உளியை மேசையிலேயே விட்டுவிட்டான்.

அதைப் பட்டறையில் விட்டுவைத்தால் ஆளாளுக்கு எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று மேஸ்திரி அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்திருக்கலாம். சாப்பாட்டுப் பை வீட்டில் நேராக யார் கைக்குப் போகும்?

அன்றிலிருந்து அக்கா இரண்டே வார்த்தைதான் பேசினார். எந்த இரண்டு என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் மேஸ்திரி என்னிடம் வந்து புலம்பினார். "சாப்பாடு ஆச்சான்னு கேட்டா 'ம்'ங்கறா. இன்னும் கொஞ்சம் போடுன்னா 'ம்ஹூம்'ங்கறா. கோவமான்னு கேட்டா 'ம்ஹூம்'. அப்ப கோவம் இல்லையான்னு கேட்டா அதுக்கும் 'ம்ஹூம்'. ஏன்டா, ஒரு மனுஷன் இப்படிப் பேசினா கூட இருக்கிறவன் எப்படிடா குடும்பம் நடத்தறது?"

"கஷ்டந்தாண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல. சிரிப்பை அடக்கியதில் எனக்கு இருமலே வந்துவிட்டது.

உளியை அக்கா தூக்கிப் போடவில்லை. கைப்பிடியில் பழைய துணியை இறுக்கிச் சுற்றி அடுக்களையில் வைத்துக்கொண்டார். டப்பா மூடி நெம்ப அதுதான். அடுப்பில் பொங்கி வழிந்து காய்ந்ததைச் சுரண்டவும் அதுதான். மேஸ்திரி சாப்பிட உட்கார்ந்ததும் பார்த்து, சரக் சரக் என்று சுரண்டுவாராம். இவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எப்படியாவது அந்த உளி கண்ணில் படாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அங்கே கடையில் மச்சான் உளிப் பெட்டிகளைக் கடைசித் தட்டில் தள்ளிவிட்டான். முன்னால் எலிப்பொறியும் துடைப்பமும் பிளாஸ்டிக் வாளியும் வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்று வாரம் ஆயிற்று. மாசக் கடைசியில் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான், உளிகளைக் கம்பெனிக்கே அனுப்பிவிடப் போகிறான் என்று செய்தி வந்தது. மேஸ்திரியின் காதிலும் அது விழுந்தது. அன்று அவர் அடித்த துளை ஒன்று அரை நூல் கோணல். அவருடைய கதவுக்கு முதல்முறையாக மக்கு வைக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். "வார்னிஷ், அடுக்களைக் கதவு ஒண்ணு சாயம் போயிருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க." டப்பாவும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பார்த்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. நானே போன வருஷம் போட்ட பாலீஷ், முகம் பார்க்கலாம். மேஸ்திரி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தக் கதவு கீழ பிடிக்குது" என்றார் அக்கா. மூன்று வாரத்தில் மேஸ்திரியிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். மேஸ்திரி பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். கதவை ஆட்டிப் பார்த்தார். ஈரத்தில் ஊதி, பக்கவாட்டில் அடியிலே நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பை பட்டறையில இருக்கே. நாளைக்கு எடுத்துட்டு வந்து..."

"தச்சர் வீட்டுக் கதவு, அது பிடிச்சாலும் ஒரு லட்சணமாத்தான் இருக்கும். இருக்கட்டும்."

"இல்ல இல்ல, ஏதாவது இருந்தா குடு. ஒரு சீவு சீவினாப் போதும்."

அக்கா உள்ளே போனார். வெளியே வந்து எதையோ அவர் கையில் வைத்தார். மேஸ்திரி அப்போது என்னைப் பார்த்து, "நல்லா இருக்கிற கதவுக்கு எதுக்குடா பாலீஷ், இவகிட்டயும் வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் வந்ததைப் பார்க்காமலே குனிந்து கதவோரத்தில் வைத்துத் தள்ளினார்.

சுருள் வந்தது. வெங்காயச் சருகு மாதிரி, அறுபடாமல், நீளமாக வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரியின் கை ஒரு நொடி நின்றது. கதவின் அடிப்பக்கம், மரத்தின் குறுக்கு வெட்டு முகம் தெரிகிற இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கேதான் மட்டமான உளி மரத்தைப் பிய்க்கும். இது பிய்க்கவில்லை. சீவிய இடம் கண்ணாடி மாதிரி மின்னியது.

"ம்" என்றார் மேஸ்திரி.

"என்னங்க சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"வார்னிஷ், உங்களுக்குக் கேட்டுதா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் பாலீஷுக்கு வரவில்லை, சாட்சிக்கு வந்திருக்கிறேன் என்று. மேஸ்திரியைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன். இருவரில் யாருக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

"கேட்டுதுக்கா. 'ம்'னு சொன்னாரு."

மேஸ்திரி கைப்பிடியைப் பார்த்தார். துணியை மெதுவாகப் பிரித்தார். உள்ளே சிவப்புச் சாயம். அவர் இடது கை முடியில் ஓட்டிப் பார்க்கப் போய், அங்கே முடி இல்லை என்பது ஞாபகம் வந்து, வலது கையில் ஓட்டினார். கரடிக் கையில் ஒரு வெள்ளைப் பாதை விழுந்தது.

"யாரு தீட்டினது?"

"நான்தான். வீட்ல கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்திருந்தீங்களே, உங்க பழைய எண்ணெய்க்கல், அதுல."

"எத்தன தடவ?"

"மூணு" என்றார் அக்கா. "இருபத்தாறு வருஷமா தூக்கத்துலகூட அதத்தானே சொல்றீங்க. முதல் கூர் கம்பெனிக்காரனோடது, மூணாவதுதான் உளியோடதுன்னு. எனக்கு ஒரு சந்தேகம். என் தம்பி உளிக்கு அன்னைக்கு எத்தன தடவ தீட்டினீங்க?"

மேஸ்திரி குனிந்து கீழே கிடந்த சுருளைப் பொறுக்கினார். கேள்வி அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்தது. அக்காவின் பார்வையில் நான் வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"தீட்டவே இல்லக்கா" என்றேன். மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு.

மேஸ்திரி திடுக்கிட்டார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்ணே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உளியப் பத்தி பாலீஷ்காரன் என்னத்தச் சொல்றதுன்னு..."

"பொய் சொல்லாத."

"ஆமாண்ணே. பயம். சொன்னா என்னையும் சேத்து சிரிப்பாங்கன்னு."

அவர் கதவுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் அதேதான்டா" என்றார். "தீட்டறதுக்குக் கல்ல எடுத்தேன். அந்த ரம்பம் ஒரு வார்த்த சொன்னான். கை வரல. நியாயமா இருக்கேன்னு காட்டறதுக்காக மச்சானுக்கு நியாயமே செய்யல."

அக்காவின் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. அவர் எதிரே சுவரோரமாக உட்கார்ந்தார்.

"நீங்க கெட்ட மனுஷனா இருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதுங்க. எங்க வீட்ல எல்லாரும் உங்கள நம்பி இருந்தோம். தம்பி, ரெண்டு கடை போனவன், 'மாமா பாத்துச் சொன்னாப் போதும்க்கா'ன்னு சொல்லிட்டுத்தான் முதல் பெட்டிய உடைச்சான்."

"இப்பவே போய் அவன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"ம்ஹூம்" என்றார் அக்கா. "ம்ஹூம் சொன்னது பதினாலு பேர் முன்னாடி. வீட்டுக்குள்ள திருப்பி வாங்கிக்க முடியாது."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். திங்கட்கிழமை டீ வேளைக்கு அது மெய்யாயிற்று. மேஸ்திரி எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டுச் சிவப்புப் பிடி உளியை எடுத்து வைத்ததுமே ரம்பக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, வீட்ல சாப்பாடு நின்னு போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மேஸ்திரியின் காதைப் பார்த்தேன். சிவந்தது. ஆனால் கை இந்தத் தடவை பின்வாங்கவில்லை.

"சாப்பாடு வந்துச்சு. பேச்சுதான் நின்னு போச்சு" என்றார். "நான் அடிச்சா மச்சானுக்காக மெதுவா அடிச்சேன்னு சொல்லுவே. இந்தா, நீயே அடி."

கொட்டாப்புளியை ரம்பக்காரர் கையில் கொடுத்துவிட்டார். ரம்பக்காரருக்கு அந்த உளிமேல் என்ன பகையோ, எதிரி மண்டையில் போடுகிற மாதிரி போட்டார். இருபது ஆயிற்று. "இன்னும் அடி" என்றார் மேஸ்திரி. முப்பது ஆயிற்று. ரம்பக்காரருக்கு மூச்சு வாங்கியது. கணுதான் பிளந்தது. உளியைப் பதினாலு பேரும் கைமாற்றிப் பார்த்தோம். கூரில் ஒரு கீறல் இல்லை.

"அப்ப அன்னைக்கு மட்டும் எப்படிப் பல்லு போச்சு?" என்று ஒருத்தன் கேட்டான்.

கம்பெனிமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க அவருக்கு நல்ல வாய்ப்பு. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"அன்னைக்கு நான் தீட்டல" என்றார். "யாரு உளி வந்தாலும் மூணு தடவ தீட்டுவேன். இவன் உளிக்கு மட்டும் தீட்டல. தீட்டினா மச்சானுக்குச் சலுகைன்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன். உளி மேல குத்தம் இல்ல. பாத்தவன் மேலதான்."

"நானும் பாத்தேன், சொல்லல" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லைதான். ஆனால் சொன்ன பிறகு நெஞ்சு லேசாயிற்று. ரம்பக்காரர் கொட்டாப்புளியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுத் தன் மிஷினுக்குப் போனார். அன்று சாயந்தரம் வரைக்கும் அவர் அறுத்தது மரத்தை மட்டும்தான்.

மதியம் மேஸ்திரி கடைக்குக் கிளம்பினார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டார். போனால் அக்கா எங்களுக்கு முன்னாலேயே அங்கே வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மச்சான் உளிகளுக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப.

"வாங்க மாமா" என்று எழுந்தான்.

மேஸ்திரி வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு உன் உளிய நான்..." என்று ஆரம்பித்து நின்றார்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"கல்ல எடுத்தீங்க, அப்புறம் ஓரமாத் தள்ளிட்டீங்க. நான் உங்க பக்கத்துலதானே நின்னேன். இதே மாதிரி உளி ஒண்ண கம்பெனியில நானே மூணு தடவ தீட்டிப் பாத்துட்டுத்தான் இந்தப் பெட்டிகள எடுத்தேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

மச்சான் கையில் இருந்த உளியைக் காகிதத்தில் சுற்றி முடித்தான்.

"பதினாலு பேர் முன்னாடி உங்கள எப்படி மாமா கேக்கறது? கடை போனா வேற கடை போட்டுக்கலாம். எனக்குத்தான் அது பழக்கமாச்சே."

மேஸ்திரி அழுதார். முப்பது வருஷத்தில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுகையிலும் மனுஷனுக்குச் சத்தம் வரவில்லை. வாளிகளைப் பார்த்து நின்றுகொண்டு தோள் மட்டும் குலுங்கினார். மச்சான் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான். அவர் அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"கல்லு இருக்கா? அந்தப் பெட்டியப் பிரி."

"எதுக்கு மாமா?"

"நாளைக்குப் பதினாலு பேர் வருவான். முதல் கூரோட ஒரு உளியும் இந்தக் கடைய விட்டு வெளிய போகக்கூடாது. எல்லாத்தையும் நான் தீட்டறேன்."

அவர் தீட்ட ஆரம்பித்தார். மச்சான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தான். நான் துடைப்பங்களை முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் வைத்தேன், பாலீஷ்காரனால் முடிந்த உதவி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் உளியை முடித்ததும் மேஸ்திரி அதைத் துணியில் துடைத்து, பெருமையாக அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ம்ஹூம்" என்றார்.

"ஏன், என்ன குறை?" மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் தீட்டின உளியைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை.

"ரெண்டு தடவதான் ஆச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்."

மேஸ்திரி உளியைத் திரும்ப வாங்கிக் கட்டையில் தேய்த்து மழுக்கினார். பிறகு கல்லில் இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.